பின்னால் எழுதியது முன்னால் வந்தது

*சுடர்விழி தம்பிக்கு எழுதியது: நவம்பர் 18. பாபநாசம் ரயில்வே கேட் அருகே சிக்னல் கிடைத்து 19ஆம் தேதி போனது.*

மாறா,

மூன்று மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஆகஸ்டில் நீ கப்பலேறப் போனபோது அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு வாசலோடு போய்விட்டாய். நான் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றேன். அதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை. இது வேறு விஷயம், அவசரம்.

நாலு நாளாக விடாமல் மழை. வயலில் தண்ணீர் கட்டி நிற்கிறது. உன் வயல் என்று பயப்படாதே, என் வயல்தான். அப்பா போன பிறகு பிரித்துக்கொண்டதில் ரோட்டோரம் இருபத்தாறு சென்ட் உனக்கு, அதற்கு உள்ளே இருக்கிற ஒன்றரை ஏக்கர் எனக்கு. நட்டு நாற்பத்திரண்டு நாள் ஆன சம்பா. தூர் கட்டுகிற நேரம். இப்போது பயிரின் நுனி மட்டும்தான் வெளியே தெரிகிறது, மேற்கு மூலையில் அதுவும் தெரியவில்லை. இன்னும் ஐந்தாறு நாள் இப்படியே நின்றால் அழுகிவிடும். கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்து என் பேரில் நான் வைத்த முதல் வெள்ளாமை இது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் வடிகிற வாய்க்கால் எங்கே இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் மனைக்குள்ளேதான் ஓடியது. வீடு கட்ட மேடாக்குகிறேன் என்று முப்பது டிப்பர் சவுடு மண் அடித்து அதைத் தூர்த்தாய். அடியில் குழாய் போடு என்றேன். "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், சும்மா இரு" என்றாய். நான் சும்மா இருக்கவில்லை, சண்டை வந்தது. இப்போது உன் மேடு எனக்கு அணை மாதிரி நிற்கிறது.

என்ஜின் வைத்து இறைத்துப் பார்த்தேன். ரோட்டு வடிகால் வரைக்கும் ஓஸ் எட்டவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் இறைத்தால் அடுத்த வயலைச் சுற்றிக்கொண்டு திரும்ப என்னிடமே வருகிறது.

முருகையன் அண்ணன் பொக்லைனோடு தயாராக இருக்கிறார். "தம்பி நடுக்கடல்ல கெடக்கு, அதுக்கு என்ன தெரியப்போவுது? ஒரு மணி நேரத்துல கோடு இழுத்து வுட்டுர்றேன் தங்கச்சி" என்கிறார். வேண்டாம் என்றேன். பட்டா உன் பேரில் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் உன் மண்ணில் மண்வெட்டி வைக்க மாட்டேன்.

மனைக்கு நடுவே வெட்ட வேண்டும். வெட்டலாமா, கூடாதா? அதை மட்டும் எழுது. இங்கே டவர் படுத்துக் கிடக்கிறது. வீட்டில் எழுதினால் கடிதம் போனுக்குள்ளேயே அவுட்பாக்ஸில் உட்கார்ந்துகொள்கிறது, ரயில்வே கேட் பக்கம் போனால்தான் கிளம்புகிறது. உன் கப்பலில் வாட்ஸ்அப் எடுக்காது, மெயில் மட்டும்தான் என்று அம்மா சொன்னாள். எதுவாக இருந்தாலும் சீக்கிரம் எழுது.

சுடர்விழி

*தமிழ்மாறன் அக்காவுக்கு எழுதியது: நவம்பர் 20. வீட்டு வரைபடத்தின் போட்டோ இணைத்தது. ஊருக்கு வந்து சேர்ந்தது: நவம்பர் 25.*

அக்கா,

முடிவாகச் சொல்லிவிடுகிறேன். கூடாது.

சாப்பாட்டு ரூம் கம்ப்யூட்டரில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? திறந்தால், எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்று மாதம் கழித்து எழுதுகிறாய், அதுவும் பொக்லைன் வைக்கலாமா என்று கேட்க. இங்கே புயல் காற்றில் கப்பலின் சாட்டிலைட் டிஷ் அடிபட்டு வெளித்தொடர்பே ஆடிக்கொண்டிருக்கிறது. நாலு நாளாக நானும் சரியாகச் சாப்பிடவில்லை. அதையெல்லாம் நீ கேட்க மாட்டாய்.

அந்த மண் ஒரு வருஷமாக இறுகிக்கொண்டிருக்கிறது. நடுவில் வெட்டினால் அப்புறம் எத்தனை லோடு போட்டு நிரப்பினாலும் அந்த இடம் உள்வாங்கும், அதன்மேல் சுவர் நிற்காது. இஞ்சினியர் சொன்னதைத்தான் சொல்கிறேன். இதோடு வீட்டு வரைபடத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், பார். நீ வெட்டச் சொல்கிற இடம்தான் ஹால்.

உன்னை ஒன்று கேட்கிறேன். அந்த ரோட்டில் அப்பா எப்படிப் போவார் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அப்போது ஏழு வயது. பெரிய வீட்டுக்காரர்கள் குடியிருக்கிற வளைவு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்குவார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவார். வளைவு தாண்டும் வரை தள்ளிக்கொண்டே போவார். ஒருத்தரும் அவரை இறங்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை, அவராகவே இறங்கிவிடுவார். எனக்கு அதுதான் தாங்க முடியாது. அந்த வளைவில் இருக்கிறது என் மனை. அங்கே மாடி வீடு கட்டி, ரோட்டைப் பார்த்த வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். அதற்காகத்தான் இந்த இரும்புக் கூண்டுக்குள் வெந்துகொண்டிருக்கிறேன்.

உனக்கு ஒரு போகம் போனால் அடுத்த போகம் வரும். இதற்குமேல் இதைப் பற்றி எழுதாதே.

தமிழ்மாறன்

*தமிழ்மாறன் அக்காவுக்கு எழுதியது: நவம்பர் 22. ஊருக்கு வந்து சேர்ந்தது: நவம்பர் 24.*

அக்கா,

யோசித்துப் பார்த்தேன். வெட்டிக்கொள். எங்கே வேண்டுமோ அங்கே வெட்டு. அம்மாவைத் தண்ணீரில் இறங்க விடாதே, காலில் புண் இருக்கிறது.

மாறன்

*சுடர்விழி தம்பிக்கு எழுதியது: நவம்பர் 24 மாலை. சிக்னல் கிடைத்துப் போனது: நவம்பர் 25. கப்பலில் கிடைத்தது: நவம்பர் 28.*

என் தங்கமே,

இப்படி உன்னைக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது. காலையில் ரயில்வே கேட்டில் போன் ஒரு தடவை சிணுங்கியது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்கூட்டியை அங்கேயே சாய்த்துவிட்டு நின்றேன். நாலே வரி. அஞ்சு நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் வராமல் என்னென்னவோ நினைத்துவிட்டேன். திட்டி எழுதுவாய், அப்பா பேச்சை எடுப்பாய், என்னை நெல்லுப் பைத்தியம் என்பாய் என்றெல்லாம் நினைத்து, பதில் கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

பகல் பன்னிரண்டு மணிக்கு முருகையன் அண்ணன் வந்தார். மண்ணைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது, நல்லா இறுகியிருந்தது. கடைசி வாளி மண்ணை எடுத்ததும் தண்ணீர் உறுமிக்கொண்டு பாய்ந்தது பார், நான் ஓரத்தில் நின்றவள் பின்னால் போய்விட்டேன். அம்மா கரையில் உட்கார்ந்து, "எம்புள்ள வார்த்தைய காப்பாத்திட்டான்" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ என்ன வார்த்தை கொடுத்தாய் என்று எனக்குத் தெரியாது, நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

மாலைக்குள் ஒரு சாண் இறங்கிவிட்டது. இன்னும் இரண்டு நாள் ஓடினால் வரப்பு தெரியும். மேற்கு மூலை மட்டும்தான் சந்தேகம், மற்றது பிழைத்துவிடும்.

சாப்பிடுகிறாயா? கப்பலில் ரசம் வைப்பார்களா?

அக்கா

*சுடர்விழி தம்பிக்கு எழுதியது: நவம்பர் 26. சிக்னல் கிடைத்துப் போனது: நவம்பர் 27. கப்பலில் கிடைத்தது: நவம்பர் 28, முந்தைய கடிதத்தோடு ஒன்றாக.*

தமிழ்மாறனுக்கு,

உன்னைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னொரு ஜென்மம் வேண்டும். 24ஆம் தேதி வெட்டு என்கிறாய். 25ஆம் தேதி, முடிவாகச் சொல்கிறேன், கூடாது என்கிறாய். இடையில் என்னடா ஆனது? யாராவது எழுதினார்களா? முருகையன் அண்ணன் ஏதாவது சொன்னாரா? வெட்டிய சேதி உனக்குப் போய்ச் சேரும் முன்னாலேயே மனசு மாறிவிட்டதா? நேற்று முழுக்க உன் இரண்டு கடிதத்தையும் மாற்றி மாற்றிப் படித்தேன். ஒரே ஆள் எழுதியதாகவே தெரியவில்லை. முதலில் வந்ததில் அம்மா கால் புண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறாய், இரண்டாவதில் அம்மா பேரே இல்லை. எனக்குத் தலை சுற்றுகிறது.

சரி. உன் மண், உன் முடிவு. மூடிவிட்டேன்.

முருகையன் அண்ணனைக் கூப்பிட்டேன், வரவில்லை. "வெட்டுனதும் நானு, மூடுறதும் நானா? அக்காவும் தம்பியும் ஒரு முடிவுக்கு வந்துட்டு கூப்புடுங்க" என்றார். நானே மண்வெட்டி எடுத்தேன். வாய்முனையை மட்டும் அடைத்தால் போதும், தண்ணீர் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் ஆனது. அம்மா குறுக்கே வந்து நின்று என்னவோ சொன்னாள். நான் காது கொடுக்கவில்லை.

இப்போது மறுபடியும் மழை பிடித்திருக்கிறது. வடிந்த ஒரு சாணும் ஏறிவிட்டது. உன் ஹால் பத்திரமாக இருக்கிறது. நல்லா இரு.

சுடர்விழி

*தமிழ்மாறன் அக்காவுக்கு எழுதியது: நவம்பர் 28 காலை. இரண்டு கடிதங்களின் படங்கள் இணைத்தது. ஊருக்கு வந்து சேர்ந்தது: நவம்பர் 30.*

அக்கா,

உன் இரண்டு கடிதமும் இன்று காலை ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்றில் தங்கமே என்கிறாய். அடுத்ததில் நல்லா இரு என்று சாபம் கொடுக்கிறாய். எது முதலில், எது பிறகு என்று பார்க்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. முதலில் மூடிவிட்டுப் பிறகு வெட்டினாயா, வெட்டிவிட்டு மூடினாயா?

நான் கூடாது என்று சொன்னது முதலில். வெட்டு என்று சொன்னது பிறகு. நீ தலைகீழாகச் சொல்கிறாய். ஜவுளிக்கடையில் பத்து வருஷம் கணக்கு எழுதியவளுக்குத் தேதி பார்க்கத் தெரியாதா? தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன். நான் எழுதிய இரண்டையும் திரையில் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

ஒன்று தோன்றுகிறது, சொல்லிவிடுகிறேன். நான் வெட்டு என்று விட்டுக்கொடுத்தது உனக்குப் பிடிக்கவில்லை. தம்பி நல்லவனாகிவிட்டால் உனக்குக் கோபித்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் ஊர் பார்க்க வெட்டி, ஊர் பார்க்க மூடி, பாருங்கள் என் தம்பி செய்வதை என்று காட்டுகிறாய். உன் பயிரை நீயே மூழ்கடித்துவிட்டு என் தலையில் போடாதே.

தமிழ்மாறன்

*தமிழ்மாறன் அக்காவுக்கு எழுதியது: நவம்பர் 28, ஒரு மணி நேரம் கழித்து. ஊருக்கு வந்து சேர்ந்தது: நவம்பர் 29.*

அக்கா,

செகண்ட் ஆபீசர் அஹமது கபீர் பாய் இப்போதுதான் சொன்னார். டிஷ் அடிபட்டதிலிருந்து கடிதங்கள் வரிசையில் கிடக்கின்றன. தொடர்பு கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் சின்னது முதலில் போகும், படம் வைத்தது கிடந்து போகும். தேதியும் போகிற அன்றைய தேதிதான் விழும்.

கூடாது என்றது 20ஆம் தேதி. வெட்டு என்றது 22ஆம் தேதி. வெட்டு.

சற்று முன்னால் கோபமாக ஒன்று எழுதி வரிசையில் போட்டுவிட்டேன், திரும்ப எடுக்க முடியவில்லை. இது அதை முந்த வேண்டும். அதனால் இதோடு நிறுத்துகிறேன். வெட்டு அக்கா.

மாறன்

*சுடர்விழி தம்பிக்கு எழுதியது: டிசம்பர் 3. சிக்னல் கிடைத்துப் போனது: டிசம்பர் 4.*

மாறா,

இனிமேல் நான் எழுதிய தேதியைக் கடிதத்துக்குள்ளேயே போடுகிறேன், நீயும் போடு. இன்று டிசம்பர் மூன்று, மத்தியானம். வயலில் இருந்து இப்போதுதான் வந்தேன்.

உன் சின்னக் கடிதம் 29ஆம் தேதி கிடைத்தது. அம்மா புண்ணுக்கு மருந்து வாங்கப் போனேன், இல்லாவிட்டால் அன்றைக்கும் பார்த்திருக்க மாட்டேன். உன் மேல் இருந்த கோபத்தில் போனையே அணைத்து வைத்திருந்தேன். ரயில்வே கேட் அடைத்திருந்தது. நின்றுகொண்டே படித்தேன். முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது தடவை படிக்கும்போது பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார், கேட் திறந்து எவ்வளவு நேரம் ஆனதோ.

முருகையன் அண்ணனிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். "இப்ப இதுதான் கடைசியா? அடுத்தது வரட்டுமா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வெட்டினோம். இந்தத் தடவை ரோட்டு வடிகால் வரைக்கும் ஆழமாக. மறுநாள் மாலைக்குள் வரப்பு எல்லாம் வெளியே வந்துவிட்டது.

அந்த மறுநாள்தான் உன் கோபக் கடிதமும் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் திட்டியிருக்கிறாய். ஆனால் நான் மண்வெட்டியைத் தொடவில்லை.

பயிரைச் சொல்கிறேன். மேற்கே அரை ஏக்கர் போய்விட்டது. பிடித்து இழுத்தால் விரலோடு வருகிறது, நாற்றம் வேறு. மீதி ஒரு ஏக்கர் மஞ்சளாக நிற்கிறது, ஆனால் நிற்கிறது. அடர்த்தியாக இருக்கிற இடத்தில் தூரைப் பிரித்து எடுத்து மேற்கே நட்டுக்கொண்டிருக்கிறோம். நானும் இன்னும் மூன்று பேரும். அம்மா வரப்பில் உட்கார்ந்து குறை சொல்கிறாள். காலம் தப்பியதுதான், பாதி வந்தாலும் வரட்டும் என்று நடுகிறோம்.

அப்பா செருப்பைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்கு ஏழு வயது என்றால் எனக்குப் பன்னிரண்டு. பின்னால் கேரியரில் நான்தான் உட்கார்ந்திருப்பேன். அவர் இறங்கினால் நானும் இறங்க வேண்டும். உன்னை மட்டும் முன்கம்பியில் உட்கார வைத்தே தள்ளுவார். எனக்கு மறக்கவில்லை மாறா. உன்னோடு சண்டை போட்டபோதும் அந்த வீடு வேண்டாம் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. குழாய் போடு என்றுதான் சொன்னேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். 25ஆம் தேதி உன் இரண்டு கடிதத்தையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா உடனே சொன்னாள், "மொதல்ல கோவப்பட்டிருப்பான், பொறவு எறங்கியிருப்பான். அவன் பொறந்ததுலேந்து அப்படித்தானே. ஏதோ முன்ன பின்ன வந்திருக்குடி." நான், "மிஷின் தேதி போட்டு அனுப்பியிருக்கு, மிஷின் பொய் சொல்லுமா?" என்று கத்தினேன். மண்ணை அள்ளிப் போடும்போது குறுக்கே வந்து அவள் சொன்னதும் அதுவேதான்.

எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. உன்னிடமிருந்து நல்லதாக ஒன்றும் கெட்டதாக ஒன்றும் வந்தது. கெட்டது வந்ததும், இதுதான் என் தம்பி, நேற்று வந்தது ஏதோ தவறி வந்தது என்று நினைத்தேன். மனசுக்குள் அதற்காகவே காத்திருந்த மாதிரி நம்பினேன். மூடிக் கிடந்த அந்த நாலு நாளில்தான் மேற்கு மூலை போனது. மிஷின் மேல் பழி போட்டுப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை.

சுடர்விழி

*தமிழ்மாறன் அக்காவுக்கு எழுதியது: டிசம்பர் 7, கொழும்புத் துறைமுகத்தில். அன்றே போய்ச் சேர்ந்தது.*

அக்கா,

இன்று டிசம்பர் ஏழு. கப்பல் கொழும்பில் நிற்கிறது. டிஷ் பழுது பார்க்கிறார்கள். என் போனிலேயே சிக்னல் இருக்கிறது. உன் நம்பரை அடித்து, நீ எடுக்கும் முன்னால் வைத்துவிட்டேன். பேசினால் நீ "சரி விடு" என்பாய், நானும் விட்டுவிடுவேன்.

கெட்டதை நம்பியது உன் தப்பு என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக எனக்கு வேலை ஓடவில்லை. வரிசை மாறிப் போனது நிஜம்தான். ஆனால் மிஷின் தானாக எதையும் எழுதவில்லை. கூடாது என்று எழுதியவன் நான். உன் பயிர் தண்ணீருக்குள் கிடக்கிறது என்று தெரிந்தே எழுதினேன். உட்கார்ந்து, எழுத்துப் பிழை பார்த்து, படம் வைத்து அனுப்பினேன். நீ நம்பியது என் எழுத்தைத்தான். அதில் உன் தப்பு என்ன இருக்கிறது?

22ஆம் தேதி என்ன நடந்து மனசு மாறியது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. இஞ்சின் ரூமில் வால்வு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்காமல் என் மண்ணில் மண்வெட்டி வைக்க மாட்டேன் என்று நீ எழுதியது அப்போதுதான் மண்டையில் ஏறியது. முப்பது டிப்பர் அடித்தபோது நான் உன்னைக் கேட்கவில்லை. அங்கே உன் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. அதனால்தான் முந்தைய கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் வெட்டிக்கொள் என்று மட்டும் எழுதினேன். கோபத்தில் எழுதியதை மறந்துவிடு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் உன் அரை ஏக்கர் பிழைத்திருக்கும். அந்த ஒரு வரியை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஜனவரியில் இறங்குகிறேன். வந்த வாரமே பாபநாசம் பத்திர ஆபீஸுக்குப் போவோம். மனைக்கு நடுவே, உன் வரப்பிலிருந்து ரோட்டு வடிகால் வரை, ஆறடி அகலத்தை உன் பேருக்கே எழுதிவிடுகிறேன். வாய்க்காலுக்கு அனுமதி என்று எழுதினால் அதை எப்போது வேண்டுமானாலும் நான் மறுக்கலாம். அதனால் மண்ணையே உனக்கு எழுதுகிறேன். வீடு மீதி இடத்தில் சின்னதாக வரும்.

நான் கோபக்காரன். அது மாறிவிடும் என்று நான் சத்தியம் செய்தால் நீயே சிரிப்பாய். இன்னொரு மழையில், இன்னொரு சண்டையில் மறுபடியும் கூடாது என்று எழுதத்தான் போகிறேன். எழுதினாலும் அது செல்லுபடியாகக் கூடாது. நான் என்ன எழுதினாலும், எது முதலில் வந்து சேர்ந்தாலும், தண்ணீர் என்னைக் கேட்காமல் போகட்டும்.

மாறன்

*சுடர்விழி தம்பிக்கு எழுதியது: டிசம்பர் 9. அன்றே போனது. ஊரில் டவர் வந்துவிட்டது.*

மாறா,

கடிதம் கிடைத்தது. இதற்குப் பின்னால் இன்னொன்று வருமோ என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன், வரவில்லை. வந்திருந்தாலும் இதைத்தான் நம்பியிருப்பேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு அழுதாள். நான் அழவில்லை என்று எழுதுகிறேன், நம்பிக்கொள்.

ஆறடி போதாது. பொக்லைன் இறங்கித் தூர் வார எட்டடியாவது வேண்டும். எட்டடி எழுது.

அக்கா